ஐந்து ஆம்பியர் வீடு

வயர்மேன் வேலையில் ஷாக் அடித்து விழுந்தவர்களைவிட, வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்து விழுந்தவர்கள்தான் அதிகம். என்னோடு அந்தக் காலத்தில் ஏணி தூக்கியவர்கள் இதை ஒப்புக்கொள்வீர்கள். எங்களைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு விசிறியோடு வாசலில் காத்திருந்தவர்களும் உங்கள் பங்குக்கு ஏதாவது சொல்வீர்கள். சொல்லுங்கள், அதையும் கேட்டுத்தான் பழக்கம்.

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அறுபதுகளின் நடுவில் வேலை கற்றுக்கொண்டு, எழுபதுகள் முழுக்க விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரிக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலை இருக்கிறவர்கள் அங்கே வந்து சொல்லுவார்கள், நான் போவேன். இப்போது வீட்டுக்கு வீடு எம்.சி.பி. வந்துவிட்டது. லோடு கூடினால் தானாகத் தட்டிக்கொள்ளும், விரலால் தூக்கிவிட்டால் சரியாகிவிடும். அப்போது பியூஸ்தான். ஒரு பீங்கான் கட்டை, அதில் இரண்டு பித்தளை முனை, இரண்டுக்கும் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கம்பி. சுவரில் ஓடுகிற வயர் தாங்குவதற்கு மேல் கரண்டு இழுத்தால் அந்தக் கம்பி முதலில் உருகி அறுந்துபோகும். கம்பி போனால் வீடு தப்பித்தது என்று அர்த்தம். இதை ஊருக்குப் புரிய வைக்கத்தான் என் ஆயுசு போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் லேசில் மறக்கிறவன் இல்லை. யார் என்னை என்ன சொன்னார்கள், அப்போது பக்கத்தில் யார் நின்று சிரித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்படியே இருக்கும். அதனால்தான் கீழே வருகிற பேச்சுகளை ஒரு எழுத்து மாறாமல் எழுத முடிகிறது.

ஓட்டல்காரரின் பெரிய கட்டை

மற்ற ஊர்களில் பியூஸ் அடிக்கடி போனால், என்ன கோளாறு என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் மட்டும் பெரிய கட்டையாகப் போடச் சொல்லுவார்கள். காரணம், பீங்கான் சூளைகள். ஊறுகாய் ஜாடி, கப்பு சாசர் என்று வேகிற அதே சூளைகளில் பியூஸ் கட்டையும் வெந்தது. மெருகு சரியாக ஏறாமல் கழித்துப் போட்ட கட்டைகள் சல்லிசாகக் கிடைக்கும். ஐந்து ஆம்பியர் கட்டை தீப்பெட்டி அளவு இருக்கும். முப்பது ஆம்பியர் கட்டை செங்கல்லில் பாதி இருக்கும். பெரிய கட்டைகள் மில்லுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் போவதைப் பார்த்துப் பார்த்து, கட்டை பெரிதானால் வருகிற கரண்டும் பெரிதாகிவிடும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

ஜங்ஷன் பக்கம் ஓட்டல் வைத்திருந்த ஒருவர், இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும் எரிய வேண்டிய வயரில் பாய்லர், ரேடியோ, மாவரைக்கிற மோட்டார் எல்லாவற்றையும் மாட்டியிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் பியூஸ் போகும். ஒருநாள் செய்தித்தாளில் சுற்றி ஒரு முப்பது ஆம்பியர் கட்டையைக் கொண்டுவந்து, இதைப் போடு என்றார். சுவரில் ஓடுகிற வயர் மெல்லிசு, அதை மாற்றாமல் கட்டையை மட்டும் மாற்றினால் வயர் வெந்துவிடும் என்றேன். தண்ணீர்க் குழாயை உதாரணம் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேர் முன்னால் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணி கண்ணுக்குத் தெரியுது, அதுக்குக் கொழா பெருசா வேணும். கரண்ட்டு கண்ணுக்கே தெரியல, அதுக்கு எதுக்குய்யா தடி வயரு?"

மேரி டீச்சரின் கூட்டல்

பத்து வருஷத்தில் என்னிடம் முறையாக ஒரு கேள்வி கேட்டவர் மேரி டீச்சர் ஒருவர்தான். மணிமுத்தாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தெருவில் குடியிருந்தார். பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் எங்கள் கடை. கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டாரும் குடிலைச் சுற்றி சீரியல் பல்பும் போட ஆசைப்பட்டார். கடையில் நின்று, "என் வூட்டு லைனு எவ்ளோ தாங்கும் மேஸ்திரி?" என்றார்.

ஐந்து ஆம்பியர் லைன், தோராயமாக ஆயிரத்து நூறு வாட் வரை போகலாம் என்றேன். கைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். பல்பு நாலு, ஃபேன் ஒன்று, ரேடியோ, ஸ்டார், சீரியல் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வாட் கேட்டுக் குறித்துக்கொண்டு, கீழே கோடு போட்டுக் கூட்டினார். அறுநூறுக்குள் வந்தது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அந்த நேரத்தில் போடாதீர்கள் என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "அம்பது புள்ளைங்களுக்குக் கூட்டல் சொல்லிக் குடுக்கறேன், என் வூட்டு பல்பை எனக்குக் கூட்டத் தெரியாதா?"

முதல் சுவிட்சு

அதே தெருவில், டீச்சர் வீட்டுக்கு அடுத்ததாக என் தங்கை புருஷன் கலியமூர்த்தி வீடு கட்டினார். அஞ்சலை எனக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடும் அவள்தான், அவளுக்குப் பிறந்த வீடும் நான்தான். மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிற வேலை. வீடு இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. வயரிங் முழுக்க நான் செய்தேன். வெளி வேலை முடித்துவிட்டு, ஏழெட்டு நாள் சாயங்காலத்தில் போய் நூல் பிடித்துத் தேக்கு ரீப்பர் அடித்தேன். ரீப்பர் என்றால் சுவரில் நீளவாட்டில் அடிக்கிற மரச்சட்டம், அதன்மேல்தான் அந்தக் காலத்தில் வயர் ஓடும். ஒரு ஆணி கோணவில்லை. சின்ன வீட்டுக்கு அளவாக ஐந்து ஆம்பியர் கட்டை போட்டேன். அது என் சீர் என்று நினைத்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று முதல் சுவிட்சை நான் போடுவேன் என்று இருந்தேன். வயர் ஓட்டியவன், பெண் வீட்டுக்காரன், வேறு யார் போடுவார்கள்? மாப்பிள்ளை தன் கம்பெனி சூப்பர்வைசரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து சுவிட்சு முன்னால் நிறுத்தினார். விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, இவர் யார் என்றார். "இவுரு நம்ம வயர்மேன் சார்" என்றார் மாப்பிள்ளை.

மச்சான் என்று சொல்ல ஒரு வினாடி ஆகியிருக்குமா? நான் இலையில் உட்காரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "வயர்மேன்னு சொல்லிட்டீங்க மாப்ள. இனிமே வேலை இருந்தா மட்டும் கூப்பிடுங்க, வரேன்" என்றேன். அஞ்சலை கையில் கரண்டியோடு வாசல்வரை ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். மாப்பிள்ளை அவள் பின்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வேலை இருந்தாத்தான வயர்மேனைக் கூப்பிடுவாங்க, மச்சான்?"

மாதத்துக்கு இரண்டு தடவை

அதோடு போக்குவரத்து நின்றது. நான் அந்த வாசல்படி மிதிக்கவில்லை. நான் சொந்தக்காரனாக வந்து போகிறவரை அஞ்சலையும் எங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். தீபாவளி போனது. பொங்கல் போனது. என் மனைவி ஒருநாள், நீங்கதான் பெரியவர், போய்ட்டு வாங்களேன் என்றாள். அவளோடும் நான் நாலு நாள் பேசவில்லை.

தை முடிவில் மேரி டீச்சர் பள்ளிக்கூடம் போகிற வழியில் கடை வாசலில் நின்று, "மேஸ்திரி, உங்க தங்கச்சி வூட்ல பியூஸ் போச்சாம்" என்றார். வேலை என்றால் போகவேண்டியதுதானே. மாப்பிள்ளை சூளைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். கம்பி அறுந்திருந்தது, மாற்றினேன். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் டீச்சர் நின்றார். அப்புறம் மறுபடியும். மாதத்துக்கு இரண்டு தடவை என்று ஆகிவிட்டது. கட்டை இருந்தது தோள் உயரத்தில், ஏணிகூட வேண்டாம். கால்மணி நேர வேலை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்வேன். அஞ்சலை பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று, மகள் செல்விக்குப் பல் விழுந்தது, பெண்ணாடத்துச் சித்தப்பா வீட்டில் மாடு கன்று போட்டது, வீட்டு அவரை காய்த்தது என்று ஓயாமல் பேசுவாள். எனக்குப் பிடிக்கும் என்று அவரைக்காயை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் திணிப்பாள். நான் உம் கொட்டுவதோடு சரி.

ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்றுதான். கரண்டு அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒன்றாகப் போட்டிருப்பாள். அடுப்பு ஆயிரம் வாட், பெட்டி எழுநூற்றைம்பது. ஐந்து ஆம்பியர் கம்பி எப்படி நிற்கும்? நான் போகிறபோதும் பெட்டி சூடாகத்தான் இருக்கும், பக்கத்தில் துணி ஒன்றும் இருக்காது. "துணி எங்கடி?" என்பேன். "மடிச்சு வச்சிட்டேண்ணே" என்பாள். அறிவிருக்கா உனக்கு, ஒண்ணைப் போட்டா ஒண்ணை அணைக்கணும்னு எத்தனை தடவை சொல்றது என்று கத்துவேன். திருப்பிச் சொல்லு என்பேன். கைகட்டி நின்று, ஆயிரமும் எழுநூத்தம்பதும் எவ்வளவு என்பதுவரை பிசகாமல் ஒப்பிப்பாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போகும். கடைக்கு வந்து, ஊரிலேயே மண்டையில் ஏறாத ஆள் என் தங்கைதான் என்று சொல்லித் திட்டியிருக்கிறேன்.

ஒருநாள் பொறுக்காமல், ஒரு முழம் பியூஸ் கம்பியைக் கையில் கொடுத்து, மெயினை அணைத்துக் கட்டையைக் கழற்றி எப்படிச் சுற்றுவது என்று காட்டினேன். இதை நீயே செய்துகொள்ளலாம், என்னைக் கூப்பிடவே வேண்டாம் என்றேன். கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த வாரமே டீச்சர் வந்து நின்றார். அந்தக் கம்பி என்ன ஆச்சு என்று எரிந்து விழுந்தேன். அஞ்சலை சிரித்தாள். என் கைராசியைச் சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்: "நீ போட்டாத்தான் நிக்குதுண்ணே, நான் போட்டா நிக்க மாட்டேங்குது."

நாலு இழை முறுக்கு

பிறகு திடீரென்று கூப்பிடுவது நின்றது. ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். டீச்சர் கடையைக் கடக்கும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்ப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கடைசியில் நானே எழுந்துபோய், தங்கச்சி வீட்டில் விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். நல்லாவே எரியுது என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் கேட்கவில்லை.

காரணத்தை மாப்பிள்ளை வாயாலேயே கேட்டேன். ஜங்ஷன் டீக்கடையில், கால்சட்டையெல்லாம் களிமண் வெள்ளையாக, கூட வேலை செய்கிறவர்களோடு நின்றுகொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். முப்பது ஆம்பியர் கட்டை போட்டாயிற்றாம், கம்பியை நாலு இழை முறுக்கிக் கட்டியாயிற்றாம், இனிமேல் எவன் தயவும் வேண்டாமாம். கட்டையில் ஒரு குறையும் இல்லை, நல்ல கட்டைதான். ஆனால் அப்படிப் போட்டால் கட்டை காவல் காப்பதை விட்டுவிடும், சுவரில் இருக்கிற வயர்தான் எல்லாச் சூட்டையும் வாங்கும். அது நான் ஓட்டிய வயர். எத்தனை தாங்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கே போய்க் கட்டையைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். ஓட்டல்காரருக்குப் பத்துப் பேர் முன்னால் பாடம் எடுத்தவன்தானே நான். ஆனால் கூப்பிடாமல் எப்படிப் போவது? அஞ்சலை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும், போகிறேன் என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லி அனுப்பவில்லை. புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று அவள் மேலேயும் ஒரு கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். இந்த நியாயத்தையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னபோது, அவர் ஹோல்டருக்குத் திருகாணி முறுக்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்: "தங்கச்சி வூடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும், வந்து கூப்பிட்டாத்தான் போவியா நீ?"

சேத்தியாத்தோப்பு பஸ்

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். சேத்தியாத்தோப்பில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. நானும் என் மனைவியும் ஏறிய பஸ்ஸில் முன் சீட்டில் அஞ்சலையும் செல்வியும் உட்கார்ந்திருந்தார்கள், மாப்பிள்ளை நின்றுகொண்டு வந்தார். நான் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கம்மாபுரம் தாண்டும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது.

வழியில் ஒரு ஊரில் பஸ் நின்று டிரைவர் டீ குடிக்க இறங்கினார். மாப்பிள்ளையும் இறங்கினார். உடனே அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். இளைத்துப்போயிருந்தாள், கண் கொஞ்சம் மஞ்சளடித்த மாதிரி இருந்தது. வெயிலாக இருக்கும் என்று நினைத்தேன். "அண்ணே, இப்பல்லாம் பியூஸே போவ மாட்டேங்குதுண்ணே" என்றாள். "நல்லதுதான" என்றேன். நான் அப்படிச் சொன்னதும் அவள் முகம் எப்படி ஆனது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். என் மனைவி என் கையைக் கிள்ளினாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை டீ கிளாஸைக் கீழே வைப்பது தெரிந்தது. அவள் அவசரமாக ஒன்றைச் சொல்லிவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள், புருஷன் போட்ட கட்டையின் பெருமை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்: "அடுப்பு, பொட்டி, வெந்நி வைக்கிற ராடு, எல்லாத்தையும் ஒண்ணா போட்டுப் போட்டுப் பாத்துட்டேண்ணே, போவவே மாட்டேங்குது."

வேலை இல்லாமல் போன ஒரே நாள்

பஸ்ஸில் பார்த்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாளில், மேரி டீச்சர் கடைக்கு வந்தார். கையில் பை இல்லை. பியூஸ் போச்சு என்று சொல்லப்போகிறார் என்று நான் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, விடிகாலையில் போய்விட்டாள் என்றார். பத்து நாளாகப் படுக்கையாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று டீச்சர் மேல் பாய்ந்தேன். அவர் என் தோளைத் தொட்டார். உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டால் நான் வருவேன் என்று யாருக்குத் தெரியும்? வேலைக்கு மட்டும்தான் வருவேன் என்று நான்தானே ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு போனேன். கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் வேலை இல்லாமல் அந்த வாசல்படி ஏறியது அன்றுதான். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்க்க முடியவில்லை, அண்ணாந்து என் ரீப்பரைப் பார்த்தேன். சமையல்கட்டுக்குப் போகிற ரீப்பர் ஓரமாகச் சுண்ணாம்பு பழுப்பேறிக் கிடந்தது. பெண்கள் அழுதுகொண்டிருந்த கூட்டத்திலிருந்து செல்வி எழுந்து என்னிடம் ஓடி வந்தாள். ஏழு வயசு. என்னை அந்த வீட்டில் எதற்காகப் பார்த்திருக்கிறாளோ அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அழுத கண்ணோடு கேட்டாள்: "மாமா, நம்ம வூட்ல பியூஸ் போயிடுச்சா?"

ரீப்பரைப் பிரித்தேன்

கருமாதி முடிந்த மறுவாரம் மாப்பிள்ளை தானே கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. "மச்சான், சமயக்கட்டுல சுவிட்சைத் தொட்டா ரப்பர் வாசனை அடிக்குது. புள்ள இருக்குற வூடு. வந்து பாருங்க" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மெயினை அணைத்துவிட்டுப் பியூஸ் பெட்டியிலிருந்து ஆரம்பித்தேன். கூடத்து வயர் நான் ஓட்டிய அன்று இருந்த மாதிரியே மெத்தென்று இருந்தது. அறை வயரும் அப்படியே. சமையல்கட்டு ரீப்பரைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. பியூஸ் பெட்டியிலிருந்து அடுப்பு பிளக் வரைக்கும் ரப்பர் கருகிப் பொடியாக இருந்தது. தொட்ட இடத்தில் உதிர்ந்தது, உள்ளே செம்பு கறுத்துத் தெரிந்தது. தீப்பிடிக்காமல் இருந்தது அந்தப் பிள்ளையின் நல்ல நேரம். என்னைப் போன்ற வயர்மேன்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் மறதியாக இரண்டு சாமானைப் போட்டால் வயர் இப்படி ஆகாது. சமைக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டாலும் ஆகாது. ஒரு வருஷமாக, வீட்டில் வேறு யாரும் இல்லாத பகல் நேரத்தில், இருக்கிற எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு யாரோ இது போகாதா போகாதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் இப்படி வேகும்.

சூடான இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் துணி ஏன் ஒருநாளும் இருந்ததில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆயிரமும் எழுநூற்றைம்பதும் எவ்வளவு என்று ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தவளைத்தான் மண்டையில் ஏறாத ஆள் என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை நான்தான் கற்றுக்கொடுத்தேன். எவ்வளவு போட்டால் அண்ணன் வருவான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அது வசதியாக இருந்திருக்கிறது.

பொடியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எவ்ளோ நாளா இப்பிடி வெந்திருக்கும் மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. நீங்க கட்டையை மாத்தின நாள்லேர்ந்து என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் அந்தப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது கேட்டது. டீச்சருக்கும் தெரிந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் அவரிடம்தானே சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளை என் எதிரில் உட்கார்ந்தார். சண்டைக்கு வருகிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி கேட்டார்: "நீங்க வரணும்னுதான் அவ வேணும்னே பியூஸை போக வச்சான்னு எனக்குத் தெரியும் மச்சான், தெரிஞ்சுதான் பெரிய கட்டையா போட்டேன். உங்களுக்குத் தெரியலயா?"

அந்தச் சமையல்கட்டுக்குத் தடித்த வயராகத் தனி லைன் ஓட்டி, அதற்கு அளவான கட்டையைப் போட்டு, ஒரு ஆணி கோணாமல் ரீப்பரைத் திருப்பி அடித்துக் கொடுத்தேன். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான், இன்றுவரை அங்கே ஒரு தடவைகூட பியூஸ் போகவில்லை, என்னைக் கூப்பிட யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.